ஒருநாள் மாணவர் கருத்தரங்கம்: ஆறு வாரத்தில் நடத்தி முடிக்கும் முறை

வரலாறோ தமிழோ பொருளியலோ, தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் எந்தத் துறையை எடுத்தாலும் ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கமாவது நடக்கும். அதில் இளங்கலை மாணவர்களுக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் நாற்காலி போடுவது, வாசலில் சந்தனத் தட்டோடு நிற்பது, பின்வரிசையை நிரப்புவது. இங்கே சொல்லப்போவது வேறு வகை. மாணவர்களே கட்டுரை படித்து, மாணவர்களே கேள்வி கேட்டு, துறை மன்றமே முன்னின்று நடத்தும் கருத்தரங்கம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நேரத்தைக் கறாராகப் பங்கிடத் தெரிய வேண்டும். சொதப்பிய கருத்தரங்குகளைக் கிளறிப் பார்த்தால் அநேகமாக எல்லாமே நேரத்தில்தான் கோட்டை விட்டிருக்கும்.

எத்தனை கட்டுரை, எந்தத் தேதி

ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் கேள்வி. தொண்ணூறு நிமிட அமர்வில் ஆறு கட்டுரை. ஒரு நாளில் இரண்டு அமர்வுக்கு மேல் தாங்காது. ஆக மொத்தம் பன்னிரண்டு, இதுதான் உச்சவரம்பு. நூற்றுக்கணக்கான கட்டுரைகளை இணை அமர்வுகளில் அடைத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்து, 'தேசிய' என்று பெயர் சூட்டும் கூட்டங்கள் உண்டு. அங்கே நடப்பது சான்றிதழ் விநியோகம். அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

நாளின் அமைப்பு இப்படி இருக்கட்டும்: 9.30க்குப் பெயர்ப் பதிவு, 10.00 தொடக்க விழா, 10.30 மையவுரை, 11.15 தேநீர், 11.30 முதல் 1.00 வரை முதல் அமர்வு, 1.45 முதல் 3.15 வரை இரண்டாம் அமர்வு, தேநீர், 3.30க்கு நிறைவு, 4.00 மணிக்கு அரங்கம் காலி. டவுன் பஸ்ஸில் வரும் மாணவர்கள் நான்கரை மணிக்கு மேல் மனத்தளவில் பேருந்து நிலையத்தில்தான் இருப்பார்கள். கல்லூரிப் பேருந்து முன்னதாகவே கிளம்புமென்றால் எல்லாவற்றையும் அரை மணி முன்னுக்குத் தள்ளுங்கள். இரண்டு ஷிப்டு நடக்கும் அரசுக் கல்லூரியில் அரங்கம் எத்தனை மணிவரை உங்கள் கையில் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

தேதிக்கு இரண்டு பருவம் பொருந்தும். ஒற்றைப்படை செமஸ்டரில் ஆகஸ்டு பிற்பாதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. இரட்டைப்படை செமஸ்டரில் பொங்கல் விடுமுறைக்குப் பின் பிப்ரவரி தொடக்கம் வரை. அதற்குப் பிறகு உள்மதிப்பீட்டுத் தேர்வு, விளையாட்டு விழா, ஆண்டு விழா எல்லாம் வரிசைகட்டி நிற்கும். கிழமையில் புதன், வியாழன் நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு உணவு இடைவேளையை நீட்டவேண்டிவரும். சனிக்கிழமை வெளியூர் மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். இன்னொன்று, நாள்காட்டியில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். அன்றைக்குச் சமையல்காரர், ஒலிபெருக்கிக்காரர், விருந்தினர் மூவருமே கல்யாண வீட்டில் இருப்பார்கள்.

தலைப்பைச் சுருக்குங்கள்

"தமிழிலக்கியத்தில் சமூகம்", "இந்தியப் பொருளாதாரம் அன்றும் இன்றும்" என்று தலைப்பு வைத்தால் வருகிற கட்டுரைகள் அத்தனையும் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டியவையாகத்தான் இருக்கும். தவறு மாணவரிடம் இல்லை. அவ்வளவு அகலமான தலைப்பில் சொந்தமாகச் சொல்ல இருபது வயதில் யாரிடமும் எதுவும் இருக்காது. மாணவர் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய பொருளாகத் தலைப்பு இருக்க வேண்டும். வரலாற்றுத் துறையென்றால் "நம் வட்டத்துக் கோயில் கல்வெட்டுகளில் நீர்நிலைகள்". தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமென்றால் நடுகற்கள். மதுரையைச் சுற்றியென்றால் சமணர் படுகைகள். பொருளியலுக்குச் சந்தை: ஒட்டன்சத்திரம் போன்ற பெரிய காய்கறிச் சந்தை பக்கத்தில் இருந்தால், ஒரே காயின் விலை சந்தையிலும் தெருக்கடையிலும் எப்படி மாறுகிறது என்பதே ஒரு கட்டுரை. தமிழ்த் துறைக்கு ஊர்ப்பெயர், தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்சொற்கள். ஆங்கிலத் துறைக்கு மொழிபெயர்ப்பு: உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் ஒரே சிறுகதையை மூன்று பேர் தனித்தனியே மொழிபெயர்த்துவந்து, ஏன் வேறுபட்டோம் என்று பேசினால் அமர்வு களைகட்டும்.

சான்றுகளை எங்கே தேடுவது என்றும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசம். சங்க இலக்கியம் முதலான மூலபாடங்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' தளம். ஒரு தலைப்பில் ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார் என்று அறிய இதைவிட விரைவான வழி இல்லை. கல்வெட்டு என்றால் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளும் மாநிலத் தொல்லியல் துறை வெளியீடுகளும். சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. போகும் முன் கல்லூரி முதல்வரின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை நகல், தேடும் பொருளின் பட்டியல் ஆகியவை கையில் இருக்கட்டும். "பழைய புத்தகம் ஏதாவது" என்று கேட்டுப் போய் நின்றால் ஒரு நாள் வீணாகும்.

அனுமதியும் பணமும்

நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் முன்பே (அதாவது இன்றைக்கே) துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு ஒருபக்கக் கடிதம் போக வேண்டும். தேதி, அரங்கம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, செலவு மதிப்பீடு, பணம் வரும் வழி, பொறுப்பாசிரியர் பெயர். இந்த ஆறும் இருந்தால் கடிதம் திரும்பி வராது. நகலை அகத்தர உறுதி மையத்துக்குக் கொடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் சுற்றறிக்கை, வருகைப் பதிவேடு, புவிக்குறியிட்ட படங்கள், அறிக்கை என்று கேட்பார்கள். கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் 'நாக்' (NAAC) மதிப்பீட்டுக்கு அவை வேண்டும். முன்னமே தெரிந்தால் படம் எடுப்பவர் கைபேசியில் இருப்பிடப் பதிவை இயக்கிவைத்திருப்பார்.

120 பேருக்கான தோராயக் கணக்கு இது. ஊருக்கு ஊர் விலை மாறும். மதிய உணவு தலைக்கு 100 ரூபாய் வீதம் 12,000. இரண்டு வேளை தேநீர், சிறுதீனியுடன் வேளைக்கு 20 ரூபாய் வீதம் 4,800. சான்றிதழ் அச்சு 1,800. மேடைப் பதாகை 500. விருந்தினர் பயணமும் மதிப்பூதியமும் 4,000. சில்லறை 1,000. ஏறத்தாழ 24,000. இதில் பாதி சாப்பாடு. உள்ளூர் மாணவர்கள் வழக்கம்போல் டிபன்பாக்ஸ் கொண்டுவரட்டும். விருந்தினர், கட்டுரையாளர், வெளிக்கல்லூரியினர் என முப்பது பேருக்கு மட்டும் உணவு வாங்கினால் செலவு 15,000க்கு இறங்கும். உணவு எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம் என்று பொட்டலமாக இருக்கட்டும். இலை போட்டால் இரண்டு பந்தி ஆகும். பிற்பகல் அமர்வு மூன்று மணிக்குத்தான் தொடங்கும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குவளை, தட்டு, தண்ணீர்ப் பொட்டலம் எல்லாம் தமிழ்நாட்டில் தடை. ஆகவே எவர்சில்வர் டம்ளருக்கும் குடிநீர்க் கேனுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

பணத்துக்குத் துறை மன்றக் கட்டணம், பெற்றோர் ஆசிரியர் கழகம், முன்னாள் மாணவர்கள் என்று மூன்று இடம் தட்டலாம். இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் போன்றவற்றின் நிதி ஆசிரியர்கள் விண்ணப்பித்துப் பெறவேண்டியது. ஆறு வாரத் திட்டத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது. கட்டுரை படிக்கும் மாணவரிடம் கட்டணம் வாங்காதீர்கள். வாங்கினால் எந்தக் கட்டுரையையும் தள்ளிவிட உங்களுக்கு வாய் வராது.

சுருக்கம் கேட்பதும் தேர்வதும்

முதல் வாரத்தில் அறிவிப்பு. அக்கம்பக்கத்து நான்கைந்து கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள். மூன்றாம் வாரக் கடைசி கட்டுரைச் சுருக்கத்துக்குக் கெடு. சுருக்கம் 200 சொல்லில் நான்கு கேள்விக்குப் பதில் தர வேண்டும்: என்ன கேட்கிறேன், எதைப் பார்த்தேன், எங்கே பார்த்தேன், இதுவரை என்ன கிடைத்தது. கூடவே ஒரு சான்றின் படம்: களக்குறிப்பு நோட்டின் ஒரு பக்கம், கல்வெட்டின் படம், நூலின் அந்தப் பக்கம். இந்த ஒரு நிபந்தனை போதும். செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்த சுருக்கங்களில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். மிஞ்சுவதை மேற்கோள் சரிபார்த்தால் பிடிக்கலாம். இல்லாத நூலும் இல்லாத பக்க எண்ணும் அவற்றில் சர்வ சாதாரணம்.

எல்லாவற்றையும் கூகுள் படிவத்தில் யூனிகோடில் வாங்குங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புகள் வந்து சேரும். உங்கள் கணினியில் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். அப்படி வந்துவிட்டால் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் மாற்றலாம். ஆனால் மாற்றிய பின் மேற்கோள் குறிகளையும் எண்களையும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பெயரையும் கல்லூரியையும் நீக்கிவிட்டு, ஓர் ஆசிரியரும் ஒரு முதுகலை மாணவரும் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். பன்னிரண்டுக்கு மேல் நல்லவை வந்தால் அவற்றைச் சுவர்க் காட்சிக்கு அழையுங்கள்: ஒரு முழுச் சார்ட்டு, ஒரு கேள்வி, இரண்டு படம், மூன்று கண்டறிதல். தேநீர் நேரத்தில் எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்குவார். மேடைக் கூச்சம் உள்ளவர்கள் பலர் இதைத்தான் விரும்புவார்கள். கூட்டமும் அங்கேதான் கூடும்.

தேர்வான அன்றே கடிதம் அனுப்புங்கள். வெளிக்கல்லூரி மாணவருக்கு அவர் துறைத் தலைவர் பெயரிட்ட ஓ.டி. (ஆன் டியூட்டி, அன்றைக்கு வருகை தந்ததாகக் கணக்கிடக் கோரும்) கடிதமும் அதோடு போக வேண்டும். எழுபத்தைந்து சதவீத வருகையின் விளிம்பில் நிற்கும் மாணவர் அந்தக் கடிதம் இல்லாமல் வரமாட்டார், வந்தாலும் பிறகு அவதிப்படுவார்.

பத்து நிமிடக் கட்டுரை

தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல். பத்து நிமிடத்துக்கு எண்ணூறிலிருந்து ஆயிரம் சொல், நான்கு பக்கம். மாணவர்கள் பன்னிரண்டு பக்கம் எழுதிவந்து, ஏழாம் நிமிடத்தில் "நேரமின்மை காரணமாக" என்று சொல்லித் தாளைப் புரட்டுவார்கள். கண்டறிந்தது கடைசிப் பக்கத்தில் இருக்கும், அது யார் காதிலும் விழாது. ஆகவே கண்டறிந்ததை முதல் நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பின் சான்று இரண்டு அல்லது மூன்று. கடைசி நிமிடம், இன்னும் விளங்காத ஒன்று. கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும். "முன்னுரை, ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை" என்று வாய்பாடு ஒப்பிக்கும் முதல் இரண்டு பக்கத்தைத் தயங்காமல் வெட்டலாம்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு வகுப்பறையில் கடிகாரம் வைத்து ஒத்திகை. பன்னிரண்டு பேரும் வர முடியாது. வெளியூர்க்காரர்கள் ஒலிப்பதிவு அனுப்பட்டும். படக்காட்சி ஆறு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். கோப்பைப் பி.டி.எஃப். ஆக மாற்றி முந்தின நாளே வாங்கிவிட வேண்டும். அரங்கத்துக் கணினியில் எழுத்துரு இல்லாமல் தமிழ் சிதையும் சிக்கல் இதோடு தீரும்.

விருந்தினரும் அழைப்பிதழும்

மையவுரைக்குத் தொலைதூரப் பிரபலம் வேண்டாம். பக்கத்து மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியர், தொல்லியல் அலுவலர், மொழிபெயர்ப்பாளர், சந்தையை அறிந்த கூட்டுறவு அதிகாரி போன்ற ஒருவர் பொருத்தம். அழைப்புக் கடிதத்தில் தலைப்பு, நாற்பத்தைந்து நிமிடம் (கேள்வி உட்பட), கேட்போர் இளங்கலை மாணவர், பயணச் செலவு எவ்வளவு, அழைத்துவர யார் வருவார் என எல்லாம் இருக்கட்டும். மதிப்பூதியத்தைப் பேசாமல் விட்டுவிட்டுக் கடைசியில் உறையை நீட்டுவது இரு தரப்புக்கும் சங்கடம். அரசியல் பிரமுகரை அழைத்தால் பதாகையும் படையும் கூடவே வரும், பத்து மணி பன்னிரண்டாகும்.

பதாகையைவிட ஆபத்தானது அழைப்பிதழ். பெயர் வரிசை, தலைப்பெழுத்து, 'முனைவர்' பட்டம், பதவிப்பெயர் இவற்றில் ஒன்று பிசகினாலும் நிகழ்ச்சி முடிந்த பிறகும் மனத்தாங்கல் தொடரும். சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் மெய்ப்பை அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகே அச்சுக்கு விடுங்கள்.

முந்தின நாள்

அரங்கத்துப் புரொஜெக்டர் பழையதாக இருந்தால் வி.ஜி.ஏ. துளைதான் இருக்கும், இன்றைய மடிக்கணினிகளில் எச்.டி.எம்.ஐ. அல்லது டைப்-சி. இடைமாற்றி ஒன்றை இரவல் வாங்கி, செருகி, படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கம்பியில்லா மைக் இரண்டு, அதற்குப் புது பேட்டரி, கூடவே கம்பி மைக் ஒன்று. மின்சாரம் போனால் ஜெனரேட்டரை இயக்கும் ஊழியர் யார், அவர் எண் யாரிடம் என்பதும் அன்றே தெரிந்திருக்கட்டும். சான்றிதழில் பெயர்களைப் பதிவுப் பட்டியலிலிருந்து அச்சிட்டு, கையொப்பமும் அன்றே வாங்குங்கள். பெயர் எழுதாத பத்துச் சான்றிதழ் தனியாக இருக்கட்டும்.

அன்றைய நாள்

தொடக்க விழா அரை மணி நேரத்தில் முடிவது நடக்காத காரியம் என்பார்கள். நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து 55 நொடி. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, ஒலிநாடாவை ஓடவிடாமல் பாடத் தெரிந்தவர்களைக் கொண்டு பாடச் சொல்கிறது. ஆகவே மூன்று மாணவர்களுக்கு முன்பே பயிற்சி கொடுத்து வையுங்கள். வரவேற்பு மூன்று நிமிடம், துறைத் தலைவர் ஐந்து, முதல்வர் ஐந்து, விருந்தினர் அறிமுகம் இரண்டு. மேடையில் ஐந்து பேருக்கு மேல் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவர் ஒவ்வொருவரும் "இரண்டே வார்த்தை" பேசுவார். அதில்தான் முதல் அமர்வு கரையும். பொன்னாடைகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போர்த்தினால் பத்து நிமிடம். விருந்தினருக்கு மட்டும் ஒரு புத்தகம் கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

அமர்வுத் தலைவர் வேறு துறை ஆசிரியராக இருக்கட்டும். அவர் வேலை நேரம் காப்பதும் கேள்வியை ஒழுங்குபடுத்துவதும்; கட்டுரைதோறும் மறு உரை நிகழ்த்துவது அன்று. இதை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவருக்குத் தரும் கோப்பில் ஒரு தாளாக வைத்துவிடுங்கள். முன்வரிசையில் ஒரு மாணவி மணியோடு உட்கார வேண்டும்: எட்டாம் நிமிடம் ஒருமுறை, பத்தாம் நிமிடம் இருமுறை. பதினொன்றில் மைக் அடுத்தவர் கைக்குப் போகும். முதல் கட்டுரையாளரிடம் இதைக் கண்டிப்போடு செய்துவிட்டால் மற்ற பதினொரு பேரும் தாமாகவே அடங்குவார்கள்.

கேள்வி நேரத்தில் வழக்கமாக நேர்வது இரண்டு. ஒன்று மயான அமைதி. இன்னொன்று, ஓர் ஆசிரியர் எழுந்து கேள்வி என்ற பெயரில் நான்கு நிமிடம் பேசுவது. இரண்டுக்கும் மருந்து துண்டுச்சீட்டு. பதிவின்போதே ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கொடுங்கள். வாசிப்பின்போதே எழுதித் தந்துவிடலாம், பெயர் போட வேண்டியதில்லை. அமர்வுத் தலைவர் நல்லதாக இரண்டைப் பொறுக்கிப் படிப்பார். முதல் இரண்டு கேள்வி மாணவர்களுக்கு, மூன்றாவதுதான் ஆசிரியர்களுக்கு என்று அறிவித்தும் விடுங்கள். தொடக்கத்தில் சீட்டு மட்டும் வரும். பிற்பகலில் கைகள் உயரும்.

சான்றிதழை மதியம் கொடுத்தால் இரண்டாம் அமர்வைக் காலி நாற்காலிகள் கேட்கும். 3.30க்குப் பிறகுதான். கட்டுரையாளர் பன்னிரண்டு பேருக்கு மேடையில். பங்கேற்பாளர்களுக்கு வரிசைவாரியாக இருக்கைக்கே. நன்றியுரை மூன்று நிமிடம், அதில் ஒலிபெருக்கிக்காரர் பெயரும் துப்புரவுப் பணியாளர் பெயரும் விடுபடக் கூடாது.

முடிந்த பிறகு

கணக்கை ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். பில் கல்லூரிப் பெயரில், தேதியோடு இருக்க வேண்டும். ஆட்டோ, டீக்கடை போன்ற பில் தராத செலவுக்கு அன்றே செலவுச்சீட்டு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பத்து நாள் கழித்து ஆட்டோக்காரரைத் தேட முடியாது.

தொகுப்பு நூல் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஐ.எஸ்.பி.என். இருந்தால் மதிப்பு என்ற நம்பிக்கை கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த எண்ணை இலவசமாகவே தருகிறது. அது நூலுக்கு அடையாள எண், தரச்சான்று அன்று. "கட்டுரைக்கு இவ்வளவு அனுப்பினால் மூன்று நாளில் வெளியிடுகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆய்விதழ்களுக்கும் இதே எச்சரிக்கை. அங்கே வெளியான கட்டுரை பிற்காலத்தில் தன்விவரத்தில் ஒரு சுமைதான். பன்னிரண்டு கட்டுரையையும் கேள்விகளுக்குப் பின் திருத்தி எழுதச் சொல்லி, ஒரே பி.டி.எஃப். ஆக்கி, கல்லூரி நூலகத்தில் ஒரு படி அச்சாகவும் வைத்தால் போதும்.

நல்ல கட்டுரை அங்கேயே நின்றுவிடத் தேவையில்லை. வரலாறு என்றால் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையின் ஆண்டுக் கூட்டம். முதுகலைக்குப் போன பின் 1935இல் தொடங்கிய இந்திய வரலாற்றுப் பேரவை. இரண்டிலும் உறுப்பினர் சேர்க்கைக்கும் கட்டுரைக்கும் தனித்தனிக் கெடு உண்டு, சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் நன்றாகப் பேசியவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் கல்லூரிப் பேச்சு, கட்டுரை, கவிதைப் போட்டிகள் இருக்கின்றன. அம்பேத்கர், பெரியார், அண்ணா, காந்தி, நேரு பிறந்தநாளை ஒட்டியும் பேச்சுப் போட்டி அறிவிப்பார்கள். விண்ணப்பம் முதல்வர் வழியாகப் போவதால், சுற்றறிக்கை அலுவலகத்தில் தூங்கிக் கிடக்காமல் பார்த்துக்கொள்ள மன்றத்தில் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். முதுகலைச் சேர்க்கையில் எழுத்து மாதிரி கேட்கும் பல்கலைக்கழகங்களுக்கு இதே நான்கு பக்கத்தை விரித்து எழுதி அனுப்பலாம். நேர்காணலில் "எதைப் படித்தாய்" என்ற கேள்விக்கு அந்தச் சந்தையையோ கல்வெட்டையோ பற்றிப் பேச முடியும்.

கடிதங்கள், விலைப்பட்டியல், தொலைபேசி எண்கள், புரொஜெக்டரின் துளை வகை, எந்த இடத்தில் எத்தனை நிமிடம் தாமதமானது என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு இரண்டாமாண்டு மன்றச் செயலரிடம் கொடுங்கள்.